தெரியக் கூடாத புள்ளி

மௌலீஸ்வரனின் தொண்டையில் கட்டி இருக்கிறது என்று தெரிந்தபோது, ஆள் பிழைப்பாரா என்று கவலைப்பட்டவர்களைவிட, பேசாமல் எப்படி இருப்பார் என்று கவலைப்பட்டவர்கள்தான் அதிகம். பல்லடத்திலிருந்து பவானி வரை எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் ஒலிபெருக்கியில் அவர் குரல்தான் கேட்கும். பாடிப் போகிறவனின் மூச்சு தீர்வதற்குள் அவன் ஊர், அவன் அப்பன் பேர், போன வருடம் அவன் யாரிடம் பிடிபட்டான் என்பது வரைக்கும் சொல்லி முடித்துவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். மனைவி சங்கவி தோசை திருப்புவதைக்கூட வர்ணனை செய்வார்.

மருத்துவர்கள் குரல்வளையை எடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதன்பிறகு சில மாதங்கள் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. அவர் உதட்டை மட்டும் அசைப்பார். சங்கவி எதிரே உட்கார்ந்து அந்த அசைவைப் படிக்கப் பழகினாள். ஆரம்பத்தில் அவர் ‘பால்’ என்றால் இவள் ‘வால்’ என்று புரிந்துகொள்வாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள், ஒருவர் சத்தமாக, ஒருவர் சத்தமில்லாமல். பிறகுதான் அவருக்குக் குரல் படிகம் வைத்தார்கள்.

காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கிற, நகத்தளவு குறைக்கடத்திச் சில்லு அது. காலியமும் ஆர்சனிக்கும் சேர்ந்து வளர்ந்த ஒற்றைப் படிகம். பேச நினைக்கும்போது நரம்பில் ஓடுகிற துடிப்பை ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் குரலாக வெளியே விடும். முதலில் எல்லோருக்கும் ஒரே குரல்தான், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. போகப் போக வைத்திருப்பவரின் பழக்கத்துக்குப் படியும். மௌலியின் படிகம் இரண்டே வருடத்தில் கோயமுத்தூர் இழுவையைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் வருடம் கிண்டல் வந்தது. நான்காம் வருடம் தோசை வர்ணனை திரும்பி வந்தது. அன்றைக்குச் சங்கவி கரண்டியை வைத்துவிட்டு அழுதாள்.

அந்தப் படிகங்களைச் செய்கிற சூலூர் ஆலையில்தான் அவளுக்கு வேலை. கணக்கீட்டுப் பிரிவின் தலைவி. படிகத்தின்மீது எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால், உள்ளே வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும் அணுக்களில் பட்டுச் சிதறி, திரையில் புள்ளி புள்ளியாக விழும். குறையில்லாத படிகமென்றால் எந்தப் புள்ளி எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். அந்தச் செறிவுக் கணக்கு சங்கவி எழுதியது. படிகம் வைத்த ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை வந்து காதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். கணக்கில் வந்ததும் திரையில் கண்டதும் ஒத்துப்போகாவிட்டால் படிகம் பழுது. எடுத்துவிட்டுப் புதிது வைத்துவிடுவார்கள். அது அரசாங்க விதி.

ஐந்தாம் வருடச் சோதனைக்கு மௌலியின் முறை வந்தது. சொந்தக்காரர்களின் சோதனையைச் சங்கவி செய்யக் கூடாது என்பதால் அவளோடு வேலை செய்யும் ஃபரீதா செய்தாள். செய்துவிட்டு நேரே சங்கவியின் மேஜைக்கு வந்து நின்றாள்.

“அக்கா, அண்ணனோட படிகம் தேறலை.”

சங்கவி திரையைத் தன் பக்கம் திருப்பினாள். மற்ற புள்ளிகள் எல்லாம் கணக்குப்படி இருந்தன. ஒரு புள்ளி மட்டும், இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டிய புள்ளி, பளிச்சென்று நின்றது.

“இப்படி இருக்காதே. மறுபடியும் எடுத்தியா?”

“நாலு வாட்டி எடுத்தேன்.” ஃபரீதா குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, போன வருஷம் எங்க அத்தாவுக்கும் இதே புள்ளிதான். பழுதுன்னு வந்துச்சு, கழட்டிட்டோம். புதுசு வெச்சதுலருந்து அத்தா பேசறதே இல்ல. ‘இந்தக் குரல்ல என்னைய நானே கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேன்’னு எழுதிக் காமிச்சாரு. என்னைய ‘பரீம்மா’ன்னு இழுத்துக் கூப்பிடுவாரு. இப்ப வாசல்ல நின்னு கையத் தட்டறாரு.”

சங்கவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருடமாகப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தும் அந்தப் பெண் தன் அப்பாவைப் பற்றி இதைச் சொன்னதில்லை. பழுது என்று சொன்ன கணக்கு யாருடையது என்று அவளுக்குத் தெரியுமல்லவா.

“விதிப்படி எத்தனை நாள் அவகாசம்?”

“மாசக் கடைசி வரைக்கும் நான் தள்ளி வெக்க முடியும்.”

அன்று சாயங்காலம் சங்கவி விஷயத்தைச் சொன்னபோது மௌலி அதிர்ந்ததாகத் தெரியவில்லை. “அதென்ன புள்ளி, அத்தன திமிரு புடிச்ச புள்ளி?” என்று கேட்டார், காதுக்குப் பின்னாலிருந்து வரும் அதே குறும்புக் குரலில்.

“கயிறு இழுக்கற போட்டி பார்த்திருக்கீங்கல்ல? படிகத்துல ரெண்டு அணி. காலியம் ஒரு பக்கம், ஆர்சனிக் ஒரு பக்கம். ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே பலம். ஒரு குறிப்பிட்ட திசையில ஒருத்தர் அலையை இன்னொருத்தர் அலை அழிச்சிரும். கயிறு அசையவே அசையாது. அதனால அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியக் கூடாது.”

“இப்பத் தெரியுது.”

“தெரியுது. அப்படின்னா யாரோ ஒரு பக்கம் போயிக் கயித்தைப் புடிச்சிருக்காங்க. யாருன்னுதான் தெரியலை.”

“கண்டுபுடிச்சிருவே அம்மிணி. உன்னை எதுத்து நின்னு செயிச்ச கணக்கு இன்னும் பொறக்கலை.”

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், நோய்க்கு முன்னால் இப்படியெல்லாம் அவர் பேசியதில்லை. ஊரையெல்லாம் வர்ணித்தாலும் கட்டியவளைப் புகழ்கிற வாய் அவருக்கு இருந்ததில்லை. நோய் வந்து மனிதரை மாற்றிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் பழைய கணக்கைப் பிரித்துப் போட்டாள். அணுக்கள் இடம் மாறியிருந்தால்? ஒத்து வரவில்லை. சில இடங்கள் காலியாக இருந்தால்? வரவில்லை. உடல் சூட்டில் அணுக்கள் கூடுதலாக அதிர்ந்தால்? அப்படியானால் எல்லாப் புள்ளியும் மங்க வேண்டும், ஒன்று மட்டும் பிரகாசிக்காது. கடைசியில், இத்தனை வருடமும் சின்னது என்று அவள் ஒதுக்கிவைத்திருந்த ஒன்றை எடுத்துச் சேர்த்தாள். அவள் கணக்கு அணுக்களைத் தனித்தனிக் குண்டுகளாகப் பார்த்தது. ஆனால் ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் நடுவே, இரண்டையும் பிடித்துவைத்திருக்கிற பிணைப்பிலும் கொஞ்சம் மின்னேற்றம் இருக்கிறது. பேசப் பேச அந்த மின்னேற்றம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படிந்தால்? அதைச் சேர்த்தவுடன் கணக்கும் கண்டதும் அச்சாகப் பொருந்தின.

ஃபரீதா திரையைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள். “அப்ப இது பழுது இல்ல.”

“பழுது இல்ல. பழக்கம். கத்துக்கிட்டது எல்லாம் பிணைப்புலதான் படிஞ்சிருக்கு. நல்லாக் கத்துக்கிட்ட படிகத்தைத்தான் நாம தேடித் தேடிக் கழட்டிருக்கோம்.”

ஃபரீதா எழுந்து வெளியே போய், முகம் கழுவிவிட்டு வந்தாள். அவளே அடுத்த யோசனையையும் சொன்னாள்: மெல்லிய கதிரால் படிகத்தை ஓரம் முதல் ஓரம் வரை இழை இழையாகத் தடவிப் பார்த்தால், பழக்கம் எந்த வழியாகப் படிந்திருக்கிறது என்று வரைபடமே போட்டுவிடலாம். விதியை மாற்றச் சொல்ல அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

மௌலியை வரவழைத்துப் படம் எடுத்தார்கள். புல்வெளியில் ஆட்கள் நடந்து நடந்து தடம் விழுவதைப்போல, நரம்பு வந்து சேரும் பக்கத்திலிருந்து குரல் போகும் பக்கம் வரை ஒரு தடம் இருக்கும் என்று சங்கவி எதிர்பார்த்தாள். தடம் இருந்தது. ஆனால் நரம்புப் பக்கம் அது மங்கிப்போயிருந்தது. ஆள் நடமாட்டம் நின்று புல் முளைத்துவிட்ட மாதிரி. நடுவில் தொடங்கி, நடுவிலேயே சுற்றி, குரல் பக்கம் போகிற தடம் மட்டும் அழுத்தமாகக் கிடந்தது. வேறு சிலருடைய படிகங்களையும் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாமே அப்படி இல்லை. ஆனால் புள்ளி மிகப் பிரகாசமாக இருந்தவை எல்லாம் அப்படித்தான் இருந்தன.

இயக்குநர் எபனேசர் நல்ல மனிதர். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இதுக்கு என்ன அர்த்தம்மா?”

“அவங்க பேச நினைக்கறதுக்கு முன்னாலயே படிகம் பேசிருது சார். நிறையப் பேசினவங்களுக்கு, அடுத்து என்ன சொல்வாங்கன்னு அதுக்கு அத்துப்படி. நரம்புக்காக அது காத்திருக்கறதில்ல.”

எபனேசர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “முதல் பாதியை மட்டும் அனுப்புங்க. புள்ளி பிரகாசமானா பழுது இல்லன்னு. அதுலயே ஆயிரக்கணக்கான பேரோட குரல் தப்பிச்சிரும். ரெண்டாவது பாதியை யாரும் கேக்கல. அதைச் சொன்னீங்கன்னா, படிகம் வச்சவங்க எது சொன்னாலும் ‘பேசறது நீயா, உன் சில்லா’ன்னு கேப்பாங்க. சாட்சி சொல்ல முடியாது. ஒரு கையெழுத்துக்குச் சம்மதம் சொல்ல முடியாது. உங்க வீட்டுக்காரரையும் சேத்துத்தான் சொல்றேன்.”

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாகச் சங்கவிக்குத் தோன்றவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் சின்ன வெங்காயத்தைக் குவித்துவைத்துக்கொண்டு இருவரும் உரித்துக்கொண்டிருந்தார்கள். சங்கவி படத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, மறைக்காமச் சொல்லுங்க. பேசறது நீங்கதானா?”

“இதென்ன கேள்வி அம்மிணி? நானில்லாம பக்கத்து வூட்டுக்காரனா வந்து பேசறான்?” குரல் சிரித்தது.

மௌலி சிரிக்கவில்லை. கையிலிருந்த கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். விரலைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் அழுத்தி, படிகத்தை நிறுத்தினார். வீடு அமைதியானது. பிறகு அவள் முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தார். எத்தனையோ வருடம் கழித்தும் சங்கவிக்கு உதடு படிப்பது மறந்திருக்கவில்லை.

“இப்பச் சொன்னது நான் இல்ல.”

அவள் கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டாள். “எத்தனை நாளா?”

“வருசம் ஆச்சு.” உதடுகள் நிதானமாக அசைந்தன. “ஒரு நாள் பச்சைச் சேலை கட்டிட்டு வந்து நின்னே. நான் பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். ‘இந்த நிறம் உனக்கு எடுப்பா இருக்குது அம்மிணி’ன்னு அது சொல்லிருச்சு. நீ சிரிச்சே பாரு, அப்படி ஒரு சிரிப்பு. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்றது, நான் ஒண்ணும் சொல்லலைன்னு?”

“அப்ப உங்களுக்கு அது எடுப்பாத் தெரியலையா?” கேட்டு முடித்த பிறகுதான், இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது என்று அவளுக்கு உறைத்தது.

அவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாத அந்தப் பழைய சிரிப்பு. “தெரிஞ்சிருக்கும். அது முந்திக்கிச்சு. நான் ஒண்ணு நினைக்க ஆரம்பிக்கறப்பவே அது பேசி முடிச்சிருது. பாதி நாள் நான் நினைச்சதைத்தான் சொல்லுது. என்னைவிட நல்லாவே சொல்லுது. மீதி நாள், அது சொன்னதைக் கேட்டு, ‘அட, நானும் இதைத்தான் நினைச்சேன் போல’ன்னு உக்காந்துக்கறேன். முட்டி மோதினா நானும் பேசலாம். ஆனா களைப்பா இருக்கும். சோம்பேறியாயிட்டேன் சங்கு.”

சங்கு. கல்யாணமான புதிதில் அவர் கூப்பிட்ட பெயர். படிகம் அவளை அம்மிணி என்றுதான் அழைக்கும். அந்த வித்தியாசத்தை இத்தனை நாளும் கவனிக்காமல் விட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

“கழட்டிரலாமா?”

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “அதைக் கழட்டினா எனக்குப் பேச்சு இல்ல. வெச்சிருந்தா எனக்கு வேலை இல்ல. இருந்தாலும் கழட்ட வேண்டாம். அதுவும் பாவம், நம்மகூடவே கிடந்து பழகிருச்சு.”

“எபனேசர் சார் பாதியைத்தான் அனுப்பச் சொல்றார்.”

“முழுசும் அனுப்பு.” இந்த முறை உதடு தயங்கவில்லை. “எனக்கென்ன, அது சேலையைத்தான் புகழ்ந்துச்சு. இன்னொருத்தருக்கு அது எதுக்கு ஆமாம்னு தலையாட்டுதோ? அந்த ஆளும் என்னை மாதிரி வாயை மூடிட்டு, கேக்கறவங்க சந்தோசத்தைக் கெடுக்க வேண்டாம்னு உக்காந்திருப்பான். உள்ள இருந்துட்டுத் தன்ற பேச்சைத் தானே கேக்கறது எப்படி இருக்கும்னு வெளிய யாருக்கும் தெரியாது.”

சங்கவி முழுதாக அனுப்பினாள்.

அதன் விளைவுகள் எபனேசர் சொன்னபடியேதான் வந்தன. செய்தி வெளியான வாரமே, நீதிமன்றங்களிலும் பதிவு அலுவலகங்களிலும் படிகத்தின் பேச்சு செல்லாது என்று ஆணை வந்தது. படிகத்தை நிறுத்திவிட்டு, எழுதியோ உதட்டை அசைத்தோதான் சொல்ல வேண்டும். கட்டாயமாகக் கழற்றும் விதி ரத்தானது; அவரவர் படத்தை அவரவருக்குக் காட்டி, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று கேட்டார்கள். ஆலை வாசலில் ஆட்கள் வந்து நின்று சங்கவியின் பேரைச் சொல்லித் திட்டினார்கள். ஈரோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நிச்சயதார்த்தத்தில் தான் சொன்ன சம்மதம் தன்னுடையது இல்லை என்று படிகத்தை நிறுத்திவிட்டு உதட்டால் சொன்னாள், கல்யாணம் நின்றது. அவள் அப்பா ஆலைக்கே வந்து சங்கவியின் எதிரில் உட்கார்ந்து, “நல்லாத்தானேம்மா இருந்தோம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சங்கவி அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு, அந்தப் பெண்ணிடமிருந்து, அவள் படிகத்தைப் படமெடுத்த ஃபரீதாவின் கைப்பேசிக்கு ஒரே வரி வந்தது: அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஃபரீதாவின் அத்தாவுடைய பழைய படிகம் கிடைக்கவில்லை. கழற்றியவற்றை எல்லாம் உருக்கிவிடுவது வழக்கம். அந்த இழப்புக்கு எந்தக் கணக்கிலும் ஈடு இல்லை. ஆனால் ஃபரீதா தினமும் சாயங்காலம் அவர் எதிரே உட்கார்ந்து உதடு படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அதற்குச் சங்கவிதான் சொல்லிக்கொடுத்தாள். “‘பால்’ன்னு சொன்னா ‘வால்’ன்னுதான் தெரியும், பயந்துக்காதே” என்றாள்.

மௌலிக்கும் சங்கவிக்கும் நடுவே ஓர் ஏற்பாடு உண்டாகியிருந்தது. தானாக முயன்று ஒன்றைச் சொல்லும்போது மௌலி அவள் மணிக்கட்டைத் தொட்டுக்கொள்வார். தொடாமல் வருவதெல்லாம் படிகத்தின் பேச்சு. ஆரம்பத்தில் தொட்டுச் சொன்னவை கொஞ்சம்தான். அவையும் கரடுமுரடாக இருந்தன. ரசத்தில் உப்பு இல்லை. அந்தத் தொலைக்காட்சியை நிறுத்து. எனக்கு இன்றைக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. சங்கவி ஒவ்வொன்றையும் ஆசையாகக் கேட்டுக்கொண்டாள். ஒருமுறை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முயன்று, “பச்சை… நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். குரல் வேர்வை சிந்தி நடந்து வந்ததைப்போல இருந்தது. அவள் எழுந்துபோய், அலமாரியில் அந்தச் சேலை எங்கே என்று தேடினாள்.

கோடையில் ஒரு மத்தியானம். தொலைக்காட்சியில் கபடி ஓடிக்கொண்டிருந்தது. மௌலி சாய்வு நாற்காலியில் பார்த்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. சங்கவி பக்கத்தில் உட்கார்ந்து, ‘உஸ்’ என்று தன் நெற்றியில் வழிந்த வேர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

“வேர்க்குதா அம்மிணி? ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வெக்கட்டுமா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். மௌலியின் மார்பு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல தூக்கம். எழுந்துபோய் அவர் காதுக்குப் பின்னால் அழுத்தி நிறுத்திவிடலாம்தான். அவள் அவர் பக்கமாகக் குனிந்தாள்.

“வேண்டாம் கண்ணு,” என்றாள் மெதுவாக. “சத்தம் போடாதே. அவர் தூங்கறார்.”